கொண்டலுக்கு முந்தணும்

கால்நடை மருத்துவரான நண்பர் போனில் கூப்பிட்டு, “உப்பளத்துல வேலை பாத்த பொம்பளைக புல்லுக்கு ஊறுகாய் போடுதாங்க. மழைக்கு முன்னாடி வந்தா பாக்கலாம்வே” என்றார். சைலேஜ் என்ற சொல் புதிதில்லை. கால்நடைக் கையேடுகளில் ‘ஊறுகாய்ப் புல்’ என்று போட்டிருப்பார்கள். பெரிய பண்ணைகளில் டிராக்டர் ஏறி மிதிப்பதைப் படங்களில் பார்த்ததுண்டு. ஆனால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிற மாப்பிள்ளையூரணியில் புல் முளைப்பதே பெரிய காரியம். அந்தப் புல்லுக்கு ஊறுகாயா என்ற சந்தேகத்தோடுதான் பஸ் ஏறினேன்.

தூத்துக்குடி மாநகருக்கு வடக்கே, நகரம் எங்கே முடிந்து ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஒட்டிக்கிடக்கிறது மாப்பிள்ளையூரணி. தாளமுத்துநகரைக் கடந்து தருவைக்குளம் பக்கம் போகப் போக வீடுகள் குறைந்து உடைமரமும் பனையும் வருகின்றன. அதற்கும் அப்பால் வெள்ளைத் திட்டுகளாக உப்பு அம்பாரங்கள். அக்டோபர் இரண்டாம் வாரம். உப்பளங்களில் கடைசி உப்பு வாறல் நடந்துகொண்டிருந்தது.

பண்ணைக்காரர் முன்பு துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். இப்போது பதினொரு கலப்பினப் பசுக்கள், கொஞ்சம் கொடி ஆடுகள், ஒன்றரை ஏக்கரில் கோ 5 கம்பு நேப்பியர் புல். நல்ல மண்ணில் இந்தப் புல் ஏக்கருக்கு ஒரு வெட்டுக்கு 18, 20 டன் கூடத் தரும். முதல் வெட்டுக்கு இரண்டரை மாதம், அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு தரம். இங்கே அதில் பாதி வந்தால் சந்தோஷம் என்றார். வாய்க்கால் ஓரமாகத் தொழுவத்துச் சாணிக் கரைசல் ஓடிக்கொண்டிருந்தது. உவர்த் தண்ணீரை நம்பியிருக்கும் வேருக்கு அதுதான் ஆறுதல்.

புல்லை ஏன் ஊறப்போட வேண்டும்? காயவைத்துப் படப்பு போடலாமே. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் சோளத்தட்டையைப் படப்பு போட்டுத்தானே தலைமுறை தலைமுறையாக மாடு காப்பாற்றினார்கள்? கேட்டதும் சிரித்தார். சோளத்தட்டை அறுப்புக்கு வரும்போதே பாதி காய்ந்திருக்கும், அறுப்பும் தை மாசி வெயிலில். நேப்பியர் தண்டு விரல் மொத்தம், உள்ளே முழுக்கத் தண்ணீர். அதைச் சருகாக்க நான்கைந்து நாள் விடாத வெயில் வேண்டும். ஐப்பசியில் அந்த நான்கு நாளை யார் தருவது? ஊறுகாய்க்கு அரை நாள் வெயில் போதும். வானம் ஒரு நாள் பல்லைக் காட்டி மறுநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற பருவத்துக்கு ஏற்ற முறை இதுதான். மழை அதிகமான, கோடை குறுகிய பின்லாந்தில், புல்லில் அமிலம் கலந்து கெடாமல் வைக்கும் வழியைக் கண்டுபிடித்த விர்த்தானென் என்ற வேதியியலாளருக்கு 1945இல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அரை நாள்தான் சூட்சுமம். வெட்டிய புல்லில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர் என்று வையுங்கள். ஊறப்போடும்போது 65 முதல் 70க்குள் இருக்க வேண்டும். ஒரு டன் புல்லில் உலர்ந்த சரக்கு 200 கிலோ. ஈரத்தை 70க்குக் கொண்டுவர, 300 கிலோவுக்கு மேல் தண்ணீர் காற்றோடு போயாக வேண்டும். போகாவிட்டால் அடியில் சாறு கட்டும். புளிக்க வேண்டிய புல் அழுகும். அதிகமாகக் காய்ந்தாலோ மிதித்தாலும் அடங்காது, இடையில் காற்று நின்று பூஞ்சணம் பூக்கும்.

ஈரமானி எதுவும் அங்கே இல்லை. நறுக்கிய புல்லை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறக்கிறார்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். உருண்டை மெல்ல மெல்ல விரிய வேண்டும், உள்ளங்கை லேசாக நனைந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்துகாட்டியவர்தான் நான் பார்க்க வந்த அக்கா. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பண்ணைக்காரர் அவரை அக்கா என்கிறார், அவர் இவரைத் தம்பி என்கிறார், யார் முதலாளி என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று காலை புல்லை வெட்டிப் பரப்பியிருந்தார்கள். கைபேசியில் ஆரஞ்சு எச்சரிக்கை. பண்ணைக்காரர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை உயர்த்திப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்.

“கச்சான் நின்னு போச்சு தம்பி. கொண்டல் எடுத்துட்டு. பொழுது சாயதுக்குள்ள மூடிரணும்.”

கச்சான் மேற்கிலிருந்து வரும் வறட்டுக் காற்று. ஆடி ஆவணியில் அது வீசினால் பரப்பிய புல் இரண்டு மணி நேரத்தில் துவண்டுவிடும், நாலு மணி நேரம் விட்டால் கைமீறிப் போய்விடும். கொண்டல் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருவது. அது வீசும் நாளில் வெயில் அடித்தாலும் புல் வாடாது. அன்றைக்கும் வாடவில்லை. பதினோரு மணிக்கு ஒரு கை பிடித்துப் பார்த்த அக்கா, “தட்டையைப் போடு” என்றார். கொட்டகையில் அடுக்கியிருந்த காய்ந்த சோளத்தட்டையும் மெஷினுக்குப் போயிற்று. டன் பச்சைப் புல்லுக்கு 150லிருந்து 200 கிலோ தட்டை கலந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் கணக்கைச் சரிக்கட்டும். வானம் கைவிட்டால் கரிசல் கைகொடுக்கிறது.

மெஷின் நறுக்குவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சத்தம் காதைப் பிளக்கும், துண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். பாக்கெட்டில் வாங்கிய நுண்ணுயிர்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்ததும் அப்படியே. எதற்கு எத்தனை கிராம் என்று பண்ணைக்காரர் விளக்கியது எனக்குப் பிடிபடவில்லை. வெல்லப்பாகு புரிந்தது. மக்காச்சோளத்தில் இருக்கும் இனிப்பு இந்தப் புல்லில் இல்லை, புளிக்கவைக்கும் கிருமிக்கு இரை வேண்டும், ஆகவே டன்னுக்கு 20 கிலோ பாகு.

நறுக்கிய புல் குவியத் தொடங்கியபோது அக்கா கொட்டகைக்குள் போய் ஒரு வாறுபலகையோடு வந்தார். உப்பு வாறுகிற அதே பலகை. நீண்ட மூங்கில் பிடி, உப்பில் ஊறி விளிம்பு வெளுத்த மரம். அளத்திலிருந்து நின்றபோது கூடவே கொண்டுவந்துவிட்டாராம். “கங்காணி கேக்கல, நானும் சொல்லல” என்றார். பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்க்கும் கை, இங்கே அதே வீச்சில் புல்லைத் தள்ளி விரிக்கிறது. ஒரு சாண் கனத்துக்கு ஒரு படுகை. விரித்ததும் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ஏறினார். கூட இரண்டு பெண்கள். மிதி தொடங்கியது.

மிதிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறினேன். பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் கெஞ்சியது. அவர்கள் நடப்பது போல எனக்கு நடக்க வரவில்லை. குதிகாலை முதலில் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் அதில் இறக்கி, அரை அடி நகர்ந்து மறுபடி. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. விட்ட இடமே இல்லை.

“இது பாத்தி மிதிக்க நடை சார்” என்றார் அக்கா.

உப்பளத்தில் மழைக்காலம் முடிந்ததும், தை வாக்கில், பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் கலக்கும். பதின்மூன்று வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அளத்துக்குப் போன அக்கா கற்ற முதல் வேலை அதுதான். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வாறல், சுமை. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் மங்கிவிட்டது. காலில் ஒரு வெட்டு விழுந்தால் ஆறுவதற்குள் அடுத்தது விழும். ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை கிடையாது. அந்த மூன்று மாதத்துக்கு வாங்கிய கடனைப் பங்குனியில்தான் அடைக்க முடியும். அரசு இப்போது உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் எப்படிப் போதும் என்று நான் கணக்குப் போட, “அது வரதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே சார்” என்றார். ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களில் அலைந்து பார்த்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்த நாவல் அக்காவுக்குத் தெரியாது. உப்பளத்தைப் பற்றி எழுதினார் என்று சொன்னபோது, “எதுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இங்கே கூலி அளத்தைவிடக் குறைவுதான். ஆனால் அளம் கதவடைக்கிற மாதத்தில் இந்த வேலை வருகிறது, உட்கார நிழலும் இருக்கிறது.

கையேடுகள் குழி வெட்டச் சொல்லும். இந்தப் பண்ணையும் முதலில் குழிதான் வெட்டியது. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதே சராசரியாகச் சுமார் 65 சென்டிமீட்டர்தான். குழிக்குள் தண்ணீர் புகுந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து திறந்தால், கருப்பாக, பிசுபிசுவென்று, செத்த எலி வாசம். மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அள்ளி எருக்குழியில் போட்டார்கள்.

“குழி வேண்டாம் தம்பி, அம்பாரம் போடுவோம்” என்று அடுத்த வருஷம் சொன்னது அக்காதான். உப்பைத் தரைக்கு மேலேதான் குவிக்கிறார்கள், மேலேதான் மூடுகிறார்கள், மழையில் கரைந்தால் அத்தனையும் நஷ்டம். அந்த வித்தை அப்படியே இங்கே வந்துவிட்டது. மேடான தரையில் பாலித்தீன் விரிப்பு. அதன்மேல் ஆமை முதுகு மாதிரி குவியல், எங்கும் பள்ளம் கிடையாது. மேலே தார்ப்பாய், ஓரத்தில் சுற்றிலும் வாய்க்கால். விளிம்பு நெடுக மண்மூட்டை, தார்ப்பாயின் மேலேயும் பழைய டயர்கள். உப்புக்கு மழை மட்டும்தான் எதிரி. புல்லுக்குக் காற்றும் எதிரி. அதனால் விளிம்பில் மட்டும் இரட்டை மடிப்பு, அது அக்கா இங்கே வந்து கற்றது.

உள்ளே நடப்பது நம் வீட்டுப் பழைய சோற்றுப் பானையில் நடப்பதுதான். இருக்கிற காற்றைப் புல் சில மணி நேரத்தில் தின்று தீர்க்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் புளிப்புக் கிருமி பெருகி அமிலம் சுரக்கும். புளிப்பு ஏறினால் அழுக வைக்கும் மற்ற கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் திறக்கலாம். பக்கத்தில் ஒரு நீலப் பேரலில் ஆவணியில் மிதித்து வைத்ததை எனக்காகத் திறந்தார்கள். 200 லிட்டர் பேரல், 120 கிலோ கொள்ளும். பொன்னும் பச்சையும் கலந்த நிறம். நீச்சத்தண்ணி வாசம், அதில் கொஞ்சம் பழ வாசம். கயிற்றை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்த மாட்டைப் பண்ணைக்காரர் தள்ளினார். கறந்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பாலில் வாசம் ஏறும்.

மத்தியானம் கணக்கு பேசினோம். மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ, பதினொரு மாடு, மூன்று மாதம்: 15 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சொந்தமாகப் போடாத வருஷம் வெளியூரிலிருந்து வரும் மக்காச்சோள ஊறுகாய்க் கட்டுகளை ஏஜென்டிடம் கிலோ 8 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 120 ரூபாய். ஆவின் பசும்பாலுக்குத் தரும் விலை, ஊக்கத்தொகை 3 ரூபாயும் சேர்த்து, லிட்டருக்கு 38. மூன்று லிட்டருக்கு மேல் பால் இந்த ஒரு தீவனத்துக்கே சரி. அந்த 8 ரூபாய்க் கிலோவில் 700 கிராம் தண்ணீர் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உலர்ந்த சரக்குக்கு விலை போட்டால் கிலோ 26 ரூபாயைத் தாண்டுகிறது. கதிரோடு மக்காச்சோளத்தை நின்றபடியே விற்ற மானாவாரி விவசாயிக்கு அதில் எவ்வளவு போயிருக்கும்? மழைக்குப் பயந்து அவர் விற்கிறார், மழைக்குப் பயந்து இவர் வாங்குகிறார். இரண்டு பயத்துக்கும் நடுவே நிற்பவருக்கு மழை பெய்தாலும் லாபம், பெய்யாவிட்டாலும் லாபம். தேசிய கால்நடை இயக்கத்தில் சைலேஜ் தொழிற்கூடம் வைக்க 50 சதவீத மானியம், 50 லட்சம் வரை உண்டு. பதினொரு மாட்டுக்காரர் அந்தத் திட்டத்தில் எங்கே நுழைவது? அவருக்கு வேண்டியது நல்ல தார்ப்பாய் ஒன்றும் மிதிக்க நாலு ஆளும்.

சாயங்காலம் நாலரைக்குத் தார்ப்பாய் ஏறியது. ஒரு முனையை அக்கா பிடித்து உதற, காற்று அதை ஊதித் தூக்கியது. கீழே மாட்டிய காற்றை நடுவிலிருந்து விளிம்புக்குக் கையால் தடவித் தள்ளினார்கள், சேலை மடிப்பது போல. கடைசி மூட்டை வைக்கும்போது முதல் தூறல் விழுந்தது. பண்ணைக்காரரும் நானும் கொட்டகைக்கு ஓடினோம்.

அக்கா வரவில்லை. குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். மழை வலுத்தது. வடக்கு ஓரத்தில் ஓரிடத்தில் தார்ப்பாய் லேசாகக் குழிந்து ஒரு தட்டளவு தண்ணீர் நின்றது. அதைக் குதிகாலால் அமுக்கி வழியவிட்டுவிட்டு, எங்களைப் பார்த்துக் கத்தினார்:

“தம்பி, இன்னும் ரெண்டு மூட்டை கொண்டா. இந்த ஓரம் மிதி பத்தல.”