மாட்டுக்கு வெந்த கொள்ளு

அத்தைமேல் பதினோரு வருஷம் மனத்தாங்கல் வைத்திருந்தேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: கொள்ளுச் சாறு.

எங்கள் ஊர் பாலசமுத்திரம், சித்தூர் மாவட்டத்தின் விளிம்பு. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. கொள்ளு வாங்கப் போனால் 'உலவலு' என்று கேட்க வேண்டும். ரசம் என்ற சொல் எங்கள் ஆயா வாயில் வந்ததே இல்லை. மிளகு போட்டாலும் சாறு, கொள்ளு போட்டாலும் சாறு.

ஆயா வைக்கிற கொள்ளுச் சாறு கருஞ்சிவப்பாக இருக்கும். பூண்டைத் தோலோடு நசுக்கி, சீரகமும் காய்ந்த மிளகாயும் அம்மியில் ஓட்டிப் போட்டு, இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம். கரும்பு விளைகிற ஊரில் வெல்லம் படாமல் எதுவும் அடுப்பிலிருந்து இறங்காது. சுடுசோற்றில் ஊற்றினால் ஓடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக உள்ளே இறங்கும்.

ஆயா போவதற்கு முந்தின வருஷம் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தேன்.

"இதுல எழுத என்னா கீது நைனா? கொள்ள வேகவெச்சி தண்ணிய வடி. புளி கரைச்சி ஊத்து. சுண்டவுடு. தாளி."

அளவு சொல்லவில்லை. நாலு பேருக்குப் போதும் என்று 'ஓர் ஆழாக்கு' என நானே எழுதிக்கொண்டேன்.

சென்னையில் குக்கரில் ஆறு விசில் விட்டு வைத்தேன். பழுப்பாக ஒரு தண்ணீர் வந்தது. "சூப்பாப்பா?" என்றான் பையன். நம் மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரர்கள் முல்லிகட்டானி ஆக்கி 1886இலேயே ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே சூப் என்றால் தப்பில்லை என்று அவனுக்கு விளக்கம் சொன்னேன். விளக்கத்தில் குறையில்லை. சாறுதான் சரியில்லை.

கெட்டியாகட்டும் என்று வெந்த கொள்ளையே அரைத்து ஊற்றினேன். துவையலைக் கரைத்தது போல ஆனது. மண்சட்டி வாங்கினேன், பெருங்காயத்தை மாற்றினேன். 2014இல் பிரகாஷ்ராஜ் தன் 'உன் சமையலறையில்' படத்துக்குத் தெலுங்கில் 'உலவச்சாறு பிரியாணி' என்று பெயர் வைத்தார். சினிமா வரைக்கும் போய்விட்ட சாறு என் அடுப்பில் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் சந்தேகம் அத்தை பக்கம் திரும்பியது. ஆயா கூடவே அடுப்படியில் கிடந்தவர் அவர். திதிக்குப் போனபோது கேட்டேன். "அவ்ளோதான் நைனா, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஏதோ ஒரு பொடியை மறைக்கிறார் என்று முடிவுகட்டி, மனைவியிடம் சொன்னேன், சித்தப்பா மகனிடமும் சொன்னேன். அவன் வழியாக அது அத்தை காதுக்குப் போனது. அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷமும் ஆவக்காய் ஜாடி தவறாமல் வந்தது. நான் வெட்கமில்லாமல் அதைத் தின்றேன்.

போன பொங்கலுக்கு ஊரில், திண்ணையில் அத்தை முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஆயா எவ்ளோ கொள்ளு போடும் அத்தே?"

"ரெண்டு படி."

"அஞ்சு பேருக்கா?"

முறம் நின்றது. "நமக்கா? மாட்டுக்கு."

எட்டு ஆழாக்கு ஒரு படி. பதினாறு ஆழாக்குக் கொள்ளின் சத்து இறங்கிய தண்ணீரைத்தான் ஆயா ஒரு சட்டியாகச் சுண்ட வைத்திருக்கிறாள். ஏர் ஓட்டுகிற காளைகளுக்காக விடியற்காலையில் கரும்புச் சோகையை எரித்து வேக வைத்த கொள்ளு அது. வடித்த கட்டு வீட்டுக்கு, வெந்த கொள்ளு தொட்டிக்கு. இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கொள்ளை வாளியில் தொட்டிக்குத் தூக்கிப் போனவனே நான்தான். போகவிடாமல் நிறுத்தி, ஆயா முதலில் வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். எல்லாம் கண்ணால் பார்த்தவன், நோட்டில் ஓர் ஆழாக்கு என்று எழுதினேன்.

சென்னைக்கு வந்து இரண்டு கிலோ கொள்ளை ராத்திரி ஊற வைத்து, பெரிய குண்டானில் மூன்று மணி நேரம் வேக வைத்தேன். வடித்ததைச் சுண்டவிட்டபோது நிறம் வந்தது. சோற்றில் ஊற்றினேன், ஓடவில்லை. ஆனால் மலை போல வெந்த கொள்ளு மிச்சம். "இத யாரு தின்றது?" என்றாள் மனைவி. சுண்டல், துவையல், பக்கத்து வீடு என்று போக, மீதியை வாளியில் எடுத்துப்போய்ப் பின்தெருவில் பால்காரர் மாடுகளுக்கு வைத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். வாயில் வந்தது "சாறு வந்துடுச்சு அத்தே" என்பதுதான்.

"வெந்த கொள்ள என்னா பண்ண?"

"பால்காரர் மாட்டுக்கு வெச்சேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "சூடு ஆறினப்புறம்தானே வெச்ச?"