இருபதாவது வளைவு

என் மனைவி போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்றுதான். ''தனியா போறீங்க, சரி. மலை மேல இடி இடிச்சா, எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் திரும்பிடணும்.''

''ஆகட்டும்'' என்றேன். மூனிச் நகரத்து வெயிலில், வீட்டு பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.

2012 ஜூலை. ஆபீஸ் வேலையாக ஜெர்மனியில் இருந்தேன். வயது 46. கூட வருவதாக இருந்த நண்பர் கடைசி நேரத்தில் முதுகுவலி என்று கழன்றுகொண்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சைக்கிள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பைகள். துணிமணி, பங்க்சர் சாமான், மனைவி திணித்த ஒரு கிலோ அவல் என எல்லாம் சேர்த்து 18 கிலோ. ஆஸ்திரியாவில் லாண்டெக் வரை ரயில். அங்கிருந்து இன் நதியை ஒட்டி மிதித்து, ரெஷன் கணவாய் வழியாக இத்தாலிக்குள் இறங்கி, கடைசியில் ஸ்டெல்வியோ கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போர்மியோ போவதாகத் திட்டம்.

முதல் நாள் பாதை, ரோமானியர்கள் கி.பி. 46-47ல் போட்டு முடித்த சாலையின் வழி. நடுவில் மார்ட்டினா என்ற ஊரில் சுவிட்சர்லாந்து வருகிறது. பதினோரு வளைவு ஏறினால் மறுபடி ஆஸ்திரியா. ஒரு நாட்டில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்டை இன்னொரு நாட்டில்தான் முடித்தேன்.

தனியாக சைக்கிள் மிதித்தால் மனசு அமைதியாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. முதல் இரண்டு மணி நேரம் ஆபீஸில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் சரியான பதில்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. நல்ல ஏற்றம் வந்த பிறகுதான் அது நின்றது. மூச்சு வாங்கும்போது யாரோடும் சண்டை போட முடியாது.

ரெஷன் ஏரிக்கு வந்தபோது மறுநாள் காலை பத்து மணி. கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மாதாகோயில் கோபுரம் மட்டும் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம். 1950ல் மின்சாரத்துக்காக அணை கட்டி, கிரவுன் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். 163 வீடுகள் போயின. டூரிஸ்ட்டுகள் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேட்டூர்க்காரன். அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியையும் பழைய சர்ச் கோபுரத்தையும் பார்த்து வளர்ந்தவன். எனக்கு கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. கொஞ்சம் அவல் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

அன்று ராத்திரி, ஸ்டெல்வியோ அடிவாரத்தில் பிராட் என்ற ஊரில் தங்கினேன். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவாக இருந்து, அதன்பின் இத்தாலிக்குப் போன பிரதேசம். ஊர்ப்பலகைகள் இரண்டு பாஷையிலும் இருக்கும். ஜனங்கள் வீட்டில் பேசுவது ஜெர்மன். விடுதி அம்மாள் ஒரு ரொட்டி கொடுத்தார். இரண்டு தட்டை ரொட்டிகள் ஒட்டிப் பிறந்த மாதிரி ஜோடியாக இருந்தன. பிய்த்தால் வெந்தய வாசனை! கேட்டேன். வெந்தயத்தின் ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு செடி அங்கே விளைகிறது, அதைக் காயவைத்து மாவில் போடுகிறார்களாம்.

''சீக்கிரம் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் இடி வரும்'' என்றார் அந்த அம்மாள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். சுமார் 900 மீட்டரிலிருந்து 2,757 மீட்டருக்கு ஏற வேண்டும். 25 கிலோமீட்டர், 48 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கையில் நம் கொல்லிமலைதான் ஜெயிக்கும், அங்கே 70. ஆனால் இங்கே எண்கள் தலைகீழ். அடிவாரத்தில் 48, உச்சியில் 1. ஆஸ்திரிய சாம்ராஜ்யம் லம்பார்டியைக் கைக்குள் வைத்துக்கொள்ள, கார்லோ டோனகானி என்ற இன்ஜினீயர் 1820ல் தொடங்கி 1825ல் முடித்த சாலை. 1953ல் இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இந்த வழியே போனபோது, ஃபாஸ்டோ கோப்பி இங்கேதான் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு வருஷமும் வரும் மிக உயரமான இடத்துக்கு 'கோப்பி சிகரம்' என்றே பெயர்.

கோப்பியிடம் அவல் மூட்டை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிராஃபோய் கிராமம் வரை காடு, நிழல். அதன்பின் மரங்கள் குட்டையாகி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போயின. இடதுபுறம் பனி மூடிய ஓர்ட்லர் சிகரம். என் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் நின்று தண்ணீர் குடித்தேன். ஃபிரான்சன்ஸ்ஹோயே விடுதியைத் தாண்டியதும் மீதிச் சாலை முழுக்க, சுவரில் ஒட்டிய சேமியா மாதிரி நெளிந்து நெளிந்து மேலே போவது தெரிந்தது. உச்சிக் கட்டடங்களும் தெரிந்தன. 20ஆம் எண் பலகையில் சைக்கிளைச் சாய்த்தேன். மணி ஒன்று.

அப்போது இடித்தது.

கேட்காத மாதிரி கொஞ்ச தூரம் மிதித்தேன். மறுபடி இடித்தது. ஓர்ட்லர் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது. பின்னால் வந்த ஒரு வாலிபன் வேகத்தைக் குறைத்து, ''முக்கால் மணி நேரம்தான், வாருங்கள்'' என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு முக்கால் மணி. எனக்கு இரண்டு.

யாருக்குத் தெரியப்போகிறது? 'இடியே இடிக்கலை'ன்னு சொன்னால் முடிந்தது. மூன்று நாளாகக் கூடவே வந்து வம்பு பேசிய மனசு, இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூட ஓர் ஆள் இருந்திருந்தால், 'நீதானே திரும்பலாம்னு சொன்னே' என்று பிற்பாடு பழி போட்டிருக்கலாம். பலகையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். பிறகு சைக்கிளைத் திருப்பினேன்.

ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஏறியதெல்லாம் சரசரவென்று கீழே போயிற்று. பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. டிராஃபோயில் ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். வெகுநேரம் கழித்து அந்த வாலிபன் சொட்டச் சொட்ட இறங்கி வந்தான். உச்சிக்குப் போய், போட்டோ எடுத்து, சூப்பும் குடித்துவிட்டு வந்திருக்கிறான். ''ஒன்றும் ஆகவில்லை'' என்று சிரித்தான். அவன் பத்திரமாக வந்ததில் சந்தோஷம்தான். பொறாமையும் இருந்தது. நிறையவே இருந்தது.

சாயங்காலம் மனைவிக்கு போன் செய்தேன்.

''மேல போயிட்டீங்களா?''

''இல்ல. இடி இடிச்சுது. திரும்பிட்டேன்.''

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ''நெஜமாவா? நீங்க திரும்புவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க.''

மறுநாளோடு லீவு முடிந்தது. காலையில் ஸ்பாண்டினிக் ஸ்டேஷனில் சைக்கிளை மெரானோ ரயிலில் ஏற்றினேன். பையில் அந்த அம்மாள் கொடுத்த இரண்டு ஜோடி ரொட்டிகள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். ஓர்ட்லர் சிகரம், ஒரு பொட்டு மேகம்கூட இல்லாமல், பளீரென்று வெயிலில் நின்றுகொண்டிருந்தது.