புல்லொடு மாய்ந்தோன்

வள்ளல் பாரி மாய்ந்த பின்னும் அவன் பறம்பு மலை நின்றது. அவன் தோழர் புலவர் கபிலர் கண்ணீரோடு திரும்பிப் பார்த்தபோது அம்மலை அங்கே இருந்தது. அழுவதற்கு அவருக்கு ஒரு திசை இருந்தது. நின்னை அழ வந்த எனக்கு அத்திசையும் இல்லை, விக்டர் ஜான் பீட்டர்! நீ மாய்வதற்கு முன்னரே நின் நிலம் மாய்ந்தது. ஹாக்கி ஆடுகளத்தில் நீ நின்ற இடத்தை அழித்தார்கள். நீ ஓடிய புல்லைச் சுருட்டி எறிந்துவிட்டு ஞெகிழி விரித்தார்கள். 1998இல் நீ கண் மூடியபோது, நின் கலை இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒருவனுக்கு இரண்டு சாவா? எதற்கு முதலில் அழுவேன்?

இதனை லம்பா லைனிலிருந்து எழுதுகிறேன். சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1370 கிலோமீட்டர் கடல். அதற்கப்பால், அந்தமான் தீவில், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட நகரில் விமானத் தளத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. தென்மேற்குக் காற்றும் மழை கொணரும், வடகிழக்குக் காற்றும் மழை கொணரும்; ஆதலால் இங்கே புல் விதையாமலே முளைக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். 1942 முதல் 1945 வரை இத்தீவை ஆண்ட ஜப்பானியப் படை, இவ்வூர்ப் புல்லைச் செதுக்கி ஓடுதளம் போட்டது. தீவு மக்களை வாட்டி வேலை வாங்கியது. 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி வந்திறங்கியதும் அத்தளத்தில்தான். போர் ஓய்ந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானின் தலைநகருக்கு நீ போனாய். வாளில்லை, வேலில்லை, மல்பெரி மரத்தில் கடைந்த மட்டை ஒன்று. போய், பொன்னோடு மீண்டாய். நின்னைப் புலம்ப எனக்கு உறவு வேண்டுமெனில் இது போதாதா?

1937இல் பிறந்தாய். பெங்களூரின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் நின்னைச் சிப்பாயாக ஏற்றது. 1780இல் தொடங்கிய படை அது; பாலம் போடும், கண்ணிவெடி அகற்றும், பெரும்படை நடக்க முன்சென்று வழி திறக்கும். களத்தில் நீ செய்ததும் அதுவே. வழியற்ற இடத்தில் வழி திறந்தாய். திறந்த வழியில் பிறர் சென்று புகழ் கொண்டனர்.

அக்கால அணியின் முன்வரிசையில் ஐவர். இரு கோடியிலும் இரண்டு 'அவுட்', நட்ட நடுவே சென்டர் ஃபார்வர்ட், அவற்றின் இடையே இரண்டு 'இன்'. நீ ரைட் இன். கோல் அடித்துப் பெயர் பெறுவது நடுவில் நின்றவன் பேறு; கோட்டோரம் பறந்து கைதட்டல் பெறுவது ஓரத்தில் நின்றவன் பேறு. ரைட் இன் ஆடுபவனோ பின்னே இறங்கிப் பந்தை வாங்கி, பகைவர் அடர்ந்த இடத்தினூடே அதைக் கொண்டுபோய், பிறன் மட்டைமுன் வைத்துவிட்டு, மறுபடியும் பின்னே இறங்க வேண்டும். பாவினூடே போய் வரும் தறிநாடா போல. களைத்தால் வெளியே வந்து அமர மாற்று ஆள் இல்லாத காலம் அது. எழுபது நிமிடமும் நின் கால்கள்தான், நின் மூச்சுத்தான்.

ஹாக்கி மட்டைக்கு முகம் ஒன்றே. இடப்புறம் தட்டை, வலப்புறம் உருண்டை. உருண்டைப் புறத்தால் பந்தைத் தொட்டால் பிழை. ஆகவே பந்தை இடம் வலமாக இழைக்க வேண்டியவன், நொடிக்கு நொடி மட்டையைப் புரட்டிப் பிடிக்க வேண்டும். தோளின் வலிமை அங்கே உதவாது. மணிக்கட்டு அறிய வேண்டிய வித்தை அது. டிரிப்ளிங் என்று ஊரெல்லாம் சொன்ன அந்த வித்தையில், சென்னை ஈன்றவருள் நினக்கு இணை சொல்ல முதியோர் தயங்குவர். புல் தரையில் பந்து நேராக வாராது. மேடு தட்டும், ஈரம் பிடிக்கும், கட்டாந்தரைத் திட்டில் துள்ளும். தரை செய்யும் ஒவ்வொரு வஞ்சகத்தையும் மணிக்கட்டு முன்னறிந்து விடையிறுக்க வேண்டும். புல்லோடு பேசத் தெரிந்தவனுக்கே பந்து பணியும். நினக்குப் பணிந்தது.

ஆயினும் நின் முதல் ஒலிம்பிக் துயரில் முடிந்ததே! 1928 முதல் 1956 வரை ஆறு பொற்பதக்கம். ஒலிம்பிக் களத்தில் தோல்வி என்பதையே அறியாத அணி. அவ்வணிக்கு லெஸ்லி கிளாடியஸ் தலைவனாக ரோம் சென்றபோது நீயும் உடன் சென்றாய். 1960 செப்டம்பர் 9. பாகிஸ்தானின் நசீர் புந்தா ஒரு கோல் அடித்தான். எஞ்சிய பொழுதெல்லாம் முட்டியும் கதவு திறக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு ஆண்ட முடி அன்று இறங்கிற்று. இளையோன் நீ, தந்தையர் சேர்த்த செல்வம் தன் காலத்தில் போயிற்றே என்னும் பழியைச் சுமந்து வெள்ளியோடு வீடு திரும்பினாய். அன்று நாடு அழுத அழுகையில் நின் கண்ணீர் எத்துணை என்று யார் கேட்டார்?

நான்காண்டு கழிந்தது. டோக்கியோவின் கொமசாவா மைதானம். 1964 அக்டோபர் 23. எதிரே அதே பாகிஸ்தான். தலைவன் சரண்ஜித் சிங். வலைமுன் சங்கர் லட்சுமணன் மலையென நின்றான். மொகிந்தர் லால் அடித்த ஒரே கோலில் பொன் மீண்டது. அந்தக் கோல் நின்னுடையதன்று என்பதை நான் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை. ரைட் இன் ஆடியவனின் உழைப்பைக் கோல் பட்டியல் என்றும் அறிந்ததில்லை. 1966இல் அர்ஜுனா விருது வந்தது. 1968இல் மெக்சிகோ: அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, மேற்கு ஜெர்மனியை 2–1 என வென்று வெண்கலம். 1928க்குப் பின் இறுதி ஆட்டத்தில் இந்தியா இல்லாத முதல் ஒலிம்பிக் அதுவே. வெள்ளி, பொன், வெண்கலம் என மூவண்ணமும் நின் மார்பில் சேர்ந்தன. நின் அணித்தோழன் பிரித்திபால் சிங்குக்கும் அவ்வாறே. ஓர் அரசின் மாலைப்பொழுது முழுவதையும் நின் மார்பு பதக்கமாக அணிந்திருந்தது.

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975இல். நீ ஆடிய மூன்று ஒலிம்பிக்கும் அதற்கு முன்னே. ஆகவே தமிழ்நாடு நின்னை வானொலியின் இரைச்சலூடே கேட்டது. மறுநாள் செய்தித்தாளில் கண்டது. யானும் கண்டேனல்லேன். கண்டோர் கை அசைத்துக் காட்டுவதைக் கண்டேன். சொல் போதாமல் அவர்கள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

இனி அந்த மற்றச் சாவு. நின் தம்பி வி. ஜே. பிலிப்ஸும் முன்கள வீரன். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பை வென்ற அணியில் அவன் இருந்தான். மறு ஆண்டு மாண்ட்ரியல். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகப் புல்லை விட்டுச் செயற்கைத் தரையில் நடந்தது. இந்தியாவுக்கு ஏழாம் இடம். 1928க்குப் பின் பதக்கமில்லாது திரும்பிய முதல் ஒலிம்பிக். அவ்வணியிலும் பிலிப்ஸ் இருந்தான். ஒரு வீட்டில் அண்ணன் புல்லின் மாலையைக் கண்டான், தம்பி அதன் இரவைக் கண்டான். இதனினும் கொடிய செய்தி எந்த வீட்டுக்கு வந்தது?

செயற்கைத் தரை நேர்மையானது என்பர். மெய்தான், பந்து அதில் பிறழாது ஓடும், மழையில் சேறு ஆகாது. ஆனால் நேராக ஓடும் பந்துக்கு மணிக்கட்டு எதற்கு? நீண்ட அடியும் விரைந்த காலும் வென்றன. பணமுள்ள நாடுகள் ஊருக்கு ஊர் அத்தரை விரித்தன; நம் சிறுவரோ கட்டாந்தரையில் பழகி, பெரிய ஆட்டத்துக்கு மட்டும் அந்நிய நிலத்தில் கால் வைத்தனர். பின்னர், 1990களின் பிற்பாதியில், ஆஃப்சைடு விதியும் போயிற்று. தடுப்பாளர் தலைக்கு மேலாகத் தொலைவில் நிற்பவனுக்குப் பந்தை அனுப்பலாம் என்றானபின், இடையே இழைத்துச் செல்வோன் எதற்கு? ஐவர் வரிசை கலைந்தது. ரைட் இன் என்னும் இடம் அணிப்பட்டியலிலிருந்தே மறைந்தது. என் நெஞ்சை அறுப்பது இது: அவர்கள் ஆட்டத்துக்கு முன் அந்த உயிரற்ற புல்லுக்குக் குழாய் குழாயாக நீர் வார்க்கிறார்கள். முளைக்காத தரைக்கு நீர்! இங்கே லம்பா லைனில் வானமே வார்த்து, யாரும் ஆடாத புல் முழங்கால் அளவு நிற்கிறது.

பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியில் வலேரி கார்லாமோவ் என்று ஒருவன் இருந்தான். சோவியத் நாட்டு முன்கள வீரன், எண் 17. 1981 ஆகஸ்ட் 27 அன்று சாலை விபத்தில் மனைவியோடு மாய்ந்தான், வயது 33. அவன் நாடும் அழுதது. ஆனால் அவன் சறுக்கிய பனி இன்றும் பனியே. இன்று மாஸ்கோவில் ஒரு சிறுவன் காலணி கட்டி இறங்கினால், கார்லாமோவ் திரும்பிய வளைவில் தானும் திரும்பிப் பார்க்கலாம். சென்னைச் சிறுவன் நின்னைத் தேடி எங்கே இறங்குவான், பீட்டர்? எழும்பூர் ஹாக்கி அரங்கிலும் செயற்கைத் தரைதான். 2021இல் டோக்கியோவிலேயே இந்தியா வெண்கலம் வென்றது. அத்தரையின் நிறம் நீலம்.

இருந்தும் மட்டை பிடிக்கும் தமிழ்ச் சிறுவர் இன்னும் பிறக்கிறார்கள். கோவில்பட்டியின் மாரீஸ்வரனும் அரியலூரின் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். முன்கள வீரர்களே இருவரும். அவர்கட்காகவேனும் எழும்பூர் அரங்கின் வாயிலில் ஒரு கல் நடுங்கள். களத்தில் பட்டோனுக்குக் கல் நட்ட நாடு இது. களத்தையே இழந்தோனுக்கும் நடலாம். புகழ்மொழி வேண்டா. வி. ஜே. பீட்டர், ரைட் இன்; ரோம் 1960, டோக்கியோ 1964, மெக்சிகோ 1968 என்று வெட்டினால் போதும். கல்லைச் சுற்றி நாலு முழம் மெய்யான புல் வளரட்டும். நடும் நாளில் அவனோடு ஆடியவருள் உயிரோடு இருப்போரை அழைத்து வாருங்கள். அப்புல்லில் ஒரு பந்தை வைத்து, அவன் எவ்வாறு இழைத்தான் என்று சிறுவர்க்கு அவர்கள் கையால் காட்டட்டும். விரைந்து அழையுங்கள், டோக்கியோவில் அவனோடு பொன் பெற்றவருள் எஞ்சியோர் எல்லாரும் எண்பது கடந்துவிட்டார்கள்.