மேய்ப்பனின் இளைப்பாறல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதியோர் பாடசாலைகளையும் அச்சகங்களையும் வைத்தியசாலைகளையும் கணக்கிட்டனர். அவற்றைத் தாங்கியோரின் களைப்பை எவரும் கணக்கிட்டிலர். 1816இல் இங்கு வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாருள் ஒருவரான எட்வேட் வாறன் இரண்டே ஆண்டுகளில், சுகம் தேடிச் சென்ற கேப்டவுன் நகரிலே காலமானார். உடன்சென்ற ஜேம்ஸ் றிச்சட்ஸ் நோயோடு திரும்பி வந்து 1822இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

மருத்துவர் சாமுவேல் கிறீனின் கதை வேறு. 1847இல் வந்து, மானிப்பாயைத் தளமாகக் கொண்டு உழைத்த அவர், உடல் நைந்த நிலையில் 1857இல் தாயகம் சென்றார், 1862இலேயே மீண்டார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) ஆகிய தமிழ் மருத்துவ நூல்கள் அவ்விடைவெளிக்குப் பின்னரே வெளிவந்தன. அந்த ஐந்தாண்டுகளை வீண்காலம் எனக் கூறத் துணிவார் யார்?

மிஷனரிமாருக்குத் தாயகம் சென்றுவரும் விடுப்பு இருந்தது. சுதேச போதகருக்கோ செல்வதற்கு வேறு தாயகம் இல்லை. அவர் பிறந்த ஊரே அவரது பணிக்களம். காலையில் ஞானஸ்நானம், மாலையில் அடக்க ஆராதனை, இரவில் கணவன் மனைவி பிணக்கு. எல்லாருடைய துயரமும் அவர் வாசலுக்கு வரும். அவர் துயரம் செல்வதற்கு ஒரு வாசல் இல்லை. அயர்ந்து ஒரு பகல் உறங்கினாற்கூட, ‘ஐயருக்கு என்ன வேலை?’ என்று கேட்பதற்கு நம்மவர் தயங்குவதில்லை!

இக்குறையை உணர்ந்தோர் இம்மண்ணில் இல்லாமலில்லை. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் துறவியரின் மடத்தை நிறுவி, மௌனத்துக்கும் இடையறாச் செபத்துக்கும் இடம் வகுத்தார். திராட்சைத் தோட்டத்திற்காகவும் நெல்லிரசத்திற்காகவும் அம்மடத்தை அறிந்தவர் பலர். மௌனத்திற்காக அறிந்தவர் சிலரே. 1930களின் இறுதியில் மருதனார்மடத்தில் எழுந்த கிறிஸ்து சேவா ஆச்சிரமமும் தியானத்தையும் தொண்டையும் ஒரே முற்றத்தில் வைத்தது. தபோவனங்களைக் கண்ட மரபினருக்கு இவை அந்நியமாகத் தோன்றியிரா.

போர் இவ்வமைதியையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் தோலகட்டித் துறவியரும் இடம்பெயர நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது குருமாரும் மக்களோடு நடந்தனர். வீடிழந்தோருக்கு ஆறுதல் கூறியவர்களும் வீடிழந்தவர்களே. அந்த ஆறுதலை அவர்களுக்குக் கூறியவர் எவர் என்ற வினா, போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் எஞ்சியே நிற்கின்றது.

விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி, இனி வாழ வேண்டாமென மனமுடைந்து ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிடுகிறார். அவரிடம் வந்த தூதன் விசுவாசக் குறைவென்று கடியவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் நீரும் தருகிறான். மீண்டும் உறங்க விடுகிறான். இரண்டாம் முறை உணவளிக்கும்போதுதான், செல்லவேண்டிய வழி நெடிது என்கிறான்.

நமது சபைகளின் ஆண்டறிக்கைகளில் ஆராதனைகளுக்கும் வீட்டுச் சந்திப்புகளுக்கும் நிதி சேர்ப்புக்கும் பக்கங்கள் உண்டு. போதகர் எத்தனை நாள் இளைப்பாறினார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.