அப்பா கைக்கு ஒரு தூண்டில்

1/ ஓபி முடிச்சு வீட்டுக்கு வந்தா என் பொழுதுபோக்கு மீன்பிடி ராடு கட்டுறது. "கடையில ரெடிமேடா கிடைக்குதே டாக்டர், எதுக்கு இந்த வேலை?"ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. அதுக்கான பதில்தான் இந்த த்ரெட். நடுவுல ஒரு மருத்துவ எச்சரிக்கையும் உண்டு.

2/ அப்பாவுக்கு 71 வயசு. ரிட்டயர் ஆனதிலிருந்து வாரம் ரெண்டு நாள் தூண்டிலோட கடற்கரைக்குப் போயிடுவார். போன வருஷம் நிறுத்திட்டார். கேட்டா, "இப்பல்லாம் மீனே இல்லப்பா"ன்னார். அம்மாதான் விஷயத்தைச் சொன்னாங்க: "பாட்டில் மூடியைக்கூட அவரால திறக்க முடியலடா."

3/ எக்ஸ்ரேயில் கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம். விரல் நுனியால் ஒரு பொருளை இறுக்கும்போது, அந்த அழுத்தம் அடி மூட்டில் பத்து மடங்குக்கும் மேல் பெருகி இறங்கும். சாவி திருப்பும்போது சுள்ளுனு வலிக்கிறது அதனால்தான். பிடி மெல்லிசா இருந்தா அதிகமா இறுக்கணும். கொஞ்சம் தடிச்சா, இறுக்கம் குறையும்.

4/ கடை ராடு ஒரு 'சராசரி' கைக்குச் செய்தது. வீட்டில் கட்டினா, பிடிக்கப்போற கையை அளந்தே கட்டலாம். பிளாங்க்னு சொல்ற வெறும் கார்பன் குச்சியை வாங்கி, பிடி, ரீல் சீட், வளையம் எல்லாத்தையும் நாமே பொருத்தணும்.

5/ அப்பாவுக்கு 7 அடி ராடு. பிடிக்கு ஈவிஏ ஃபோம். அவர் விரல்கள் தளர்வா மூடுற தடிமன் வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பின்பிடியை முழங்கை வரை நீட்டினேன்; மீன் இழுக்கும்போது முன்கையும் பாரத்தைத் தாங்கும். ரீலை மாட்டிப் பார்த்து, ராடு சமமா நிக்கிற இடத்தில் கை வர்ற மாதிரி சீட்டை ஒட்டினேன். முன்பக்கம் கனத்தா மணிக்கட்டு சோர்ந்திடும்.

6/ வளையங்களை முதல்ல டேப் போட்டு ஒட்டி, நரம்பைக் கோத்து, ராடை வளைச்சுப் பார்க்கணும். நரம்பு குச்சியில் உரசினா வளையத்தை நகர்த்தணும். அப்புறம் நைலான் நூலை இடைவெளி இல்லாம சுத்தி, மேல எபாக்ஸி பூசணும். அது வழியாம இருக்க, ராடு மணிக்கணக்கா மெதுவா சுழன்றுக்கிட்டே இருக்கணும். அவசரமே ஆகாத வேலை.

7/ ⚠️ இப்போ எச்சரிக்கை. எபாக்ஸி ரெசினும் ஹார்டனரும் இறுகுறதுக்கு முன்னாடி தோலில் படவே கூடாது. சிலருக்கு அலர்ஜி வரும். ஒருமுறை வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்க, ரப்பர் கையுறையை நம்பாதீங்க. தோலில் பட்டா தின்னர் வேண்டாம், உடனே சோப்பும் தண்ணியும். ஜன்னல் திறந்திருக்கட்டும். கார்பனைத் தேய்க்கும்போது மாஸ்க் அவசியம். கையிலோ இமையிலோ அரிப்பு, சிவப்பு வந்தா வேலையை நிறுத்திட்டு தோல் மருத்துவரைப் பாருங்க.

8/ இன்னொண்ணு: கார்பன் மின்சாரம் கடத்தும். கரண்ட் கம்பிக்குக் கீழேயும், இடி இடிக்கும்போதும் ராடைத் தூக்கவே தூக்காதீங்க.

9/ அப்பாவுக்கு வலி முழுசாப் போகல. கட்டைவிரலுக்கு ஸ்பிளின்ட், பயிற்சி, வலிக்கு ஜெல் எல்லாம் தொடருது. ஆனா வாரம் ஒரு நாள் கடலுக்குப் போறார்.

10/ வயசானவங்க பிடிச்ச ஒரு வேலையைத் திடீர்னு விட்டா, "ஆர்வம் போயிடுச்சு"ன்னு நாமளா முடிவு பண்ணிடறோம். தோசைக்கரண்டியோ, மண்வெட்டியோ, தூண்டிலோ, அதைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. எங்கே வலிக்குதுன்னு கேளுங்க. பல நேரம் மாத்த வேண்டியது அந்தக் கைப்பிடியா இருக்கும். 🙏