சாமிக்கு உண்டு... சம்சாரிக்கு இல்லை!

அக்டோபர் மாதம். ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஷிராகவா கிராமம். புல் வேய்ந்த உயரமான கூரை வீடுகளுக்காக 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ஊர். அங்குள்ள ஹச்சிமான் கோயிலிலிருந்து மேளம், புல்லாங்குழல், சிங்க ஆட்டத்தோடு சாமி ஊர்வலம் கிளம்புகிறது. நல்ல விளைச்சல் தந்த சாமிக்கு நன்றி சொல்லும் திருவிழா இது.

பூசை முடிந்ததும் கூட்டம் பாய் விரித்து உட்காருகிறது. ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஊற்றுகிறார்கள். பால்போல வெள்ளையாக, அரிசிப் பருக்கைகள் மிதக்கும் அந்தப் பானத்தின் பெயர் 'டோபுரோக்கு'.

ஆவியில் வேகவைத்த அரிசி, 'கோஜி' என்ற பூஞ்சணம் வளர்த்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட். இவ்வளவுதான் சரக்கு. கோஜி, அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட், சர்க்கரையை மதுவாக்கும். வடிகட்டினால் அது 'சாக்கே'. வடிகட்டாமல் விட்டால் டோபுரோக்கு.

ஒரு காலத்தில் இது விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே ஊறல் போட்ட பானம். 1899-ல் வீட்டில் மது தயாரிப்பதை அரசு முழுமையாகத் தடை செய்தது. காரணம், குடி கெடுதல் என்பதல்ல. மது வரி அன்றைய அரசுக்கு முக்கியமான வருமானம். அதன் பிறகு, உரிமம் பெற்ற சில கோயில்களில் மட்டும் திருவிழாவுக்காக டோபுரோக்கு தொடர்ந்தது. நெல்லை விளைவித்தவர், அதைத் தன் வீட்டுப் பானையில் ஊறவைத்தால் குற்றம்!

'என் வீட்டில், நான் குடிக்கத் தயாரிப்பதை எப்படித் தடுக்கலாம்?' என்று மாயேதா தோஷிஹிகோ என்பவர் வெளிப்படையாகவே டோபுரோக்கு தயாரித்து, வழக்கைச் சந்தித்தார். 1989-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

உரிமம் வாங்கலாமே என்றால், அதிலும் சிக்கல். ஆண்டுக்குக் குறைந்தது 6,000 லிட்டர் தயாரிக்க வேண்டும். சிறு விவசாயிக்கு அது எட்டாத அளவு.

2002-ல் வந்த சிறப்பு மண்டலச் சட்டம்தான் கதவைத் திறந்தது. அந்த மண்டலங்களில், விருந்தினர் விடுதியோ உணவகமோ நடத்தும் விவசாயி, தன் வயல் அரிசியில் டோபுரோக்கு தயாரிக்க உரிமம் பெறலாம். குறைந்தபட்ச அளவு கிடையாது. இவாத்தே மாகாணத்தின் தோனோ நகரம் இதில் முன்னோடி. மூட்டையாகப் போன நெல், விவசாயியின் வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளிக்குப் பரிமாறும் பண்டமானது. உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பது அங்கே இன்றைக்கும் குற்றம்தான்.

குடி நல்லதா, கெட்டதா என்பது வேறு பேச்சு. விளைந்ததை மதிப்புக் கூட்டும் உரிமை யாருக்கு என்பதுதான் இங்கே கேள்வி. அந்த உரிமையின் ஒரு பகுதி விவசாயியிடம் திரும்ப நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை அந்த ருசியை மக்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டவை, ஊர்த் திருவிழாக்கள்தான்.