கம்பத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு

சென்னையில் டெஸ்ட் பந்தயம் என்ற செய்தி எட்டியதும், கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் தேட வேண்டியது டிக்கெட்டை அல்ல, ரயில் அட்டவணையைத்தான்!

காரணம் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் இட்ட இருப்புப் பாதையை, இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெள்ளைக்கார சர்க்கார் பெயர்த்துக்கொண்டு போயிற்று. 1952 பிப்ரவரியில், ஹஸாரேயின் தலைமையில் நம்மவர்கள் அதே இங்கிலாந்தைச் சேப்பாக்கத்தில் ஓர் இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். பாரதத்தின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. வினூ மன்கட் ஒரே இன்னிங்ஸில் 55 ரன்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த வைபவத்தைக் காணப் புறப்பட நம் பள்ளத்தாக்கில் தண்டவாளமே இல்லை!

பிற்பாடு பாதை மீண்டது. அகலப் பாதையாக்குவதற்காக 2010 முடிவில் மறுபடியும் மூடினார்கள். தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் திரும்பி வந்தது. சென்னைக்கு நேர் வண்டியும் அப்போது கிடைத்தது. ஆனால் வாரத்தில் மூன்றே நாட்கள். ஆகவே, எந்த நாள் ஆட்டத்தைப் பார்த்தால் எந்த இரவு திரும்பலாம் என்று முதலில் கணக்கிடுங்கள். கம்பம், உத்தமபாளையத்தார் பஸ்ஸில் தேனிக்கு வந்து ஏறலாம். கூடையில் நம் ஊர்ப் பன்னீர் திராட்சை இருந்தால், எதிர் ஆசனக்காரர் விடிவதற்குள் சிநேகிதராகிவிடுவார்.

காலையில் சென்ட்ரலில் இறங்கி, அருகேயுள்ள பூங்கா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். மாலையில் மெரீனாக் காற்று வாங்கி, திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதியையும் தரிசிக்கலாம்.

குழந்தைகளை அவசியம் அழைத்துப் போங்கள். நாம் முதலில் ஜயித்த மைதானத்தை அவர்கள் கண்ணாரக் காணட்டும். பாட்டனாருக்குக் கிட்டாத பிரயாணம் பேரனுக்காவது கிட்டட்டுமே!